மேனாம்பேடு மாடியில் காணாமல்போன கார்டு

மாலை மணி 4.35.

மானிட்டரின் கேபிளைக் கையில் பிடித்தபடி மேஜைக்குப் பின்னால் குனிந்த கவிப்பிரியா, குனிந்தவாறே நின்றுவிட்டாள். கேபிளைச் செருக வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இருட்டுப் பிளவுதான் இருந்தது.

கம்ப்யூட்டர் கேபினெட்டின் கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அதை மெல்ல இழுத்துத் திருப்பினாள். உள்ளே விசிறிகள், ராம், பிராசஸர் எல்லாம் காலையில் பொருத்தியபடியே இருந்தன. நடுவில் குறுக்காகப் படுத்திருக்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டை மட்டும் காணவில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு வயர்கள் அந்தரத்தில் தொங்கின.

அவளுக்கு முதலில் திருட்டு என்று தோன்றவில்லை. 'நான்தான் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டேனோ?' என்றுதான் தோன்றியது.

பையிலிருந்து டைரியை எடுத்தாள். எதையும் நேரம் போட்டு எழுதிவைப்பது அவள் பழக்கம். 12.32 கம்ப்யூட்டரை அணைத்தேன். 12.45 எல்லாரும் இறங்கினார்கள். 12.50 பூட்டி, சாவியைக் கீழே ரேணுகா அக்கா ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கார்டைக் கழற்றியதாக எதுவும் இல்லை. கழற்றிவிட்டு எழுத மறந்திருந்தால்? தன் பையையே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தாள். தண்ணீர் பாட்டில், குடை, செல்போன். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தாள்.

கார்டு அதிலும் இல்லை.

மேனாம்பேட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நடக்கும் அந்த மாலை வகுப்பில் அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வுகளை அளந்து பார்க்கும் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர். அன்று சனிக்கிழமை, எஸ்டேட்டில் விடுமுறை என்பதால் காலையிலேயே வந்திருந்தாள். ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கும் ஜெயராமன் என்ற ஐ.டி. ஊழியர், முதன்முதலாகத் தனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்துத் தரும்படி கேட்டு வந்தபோது, வகுப்பை நடத்தும் சண்முகசுந்தரம் சார் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டார். நான்கு பேர் பட்டியல் கொடுத்தார்கள். தேறியது கவிப்பிரியாவுடையது.

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். பதினொரு தடவை மாற்றி எழுதினாள். கார்டின் நீளம் முப்பத்தோரு சென்டிமீட்டர் என்றதும், அது இடிக்காமல் உட்காரும் கேபினெட்டைத் தேடினாள். படம் காட்டும் வேலையைக் கார்டு பார்த்துக்கொள்ளும்போது பிராசஸருக்கு அந்த வசதி எதற்கு என்று, அது இல்லாத மலிவான வகையைப் போட்டாள். மிச்சமானதைக் கொண்டு பவர் சப்ளையை ஒரு படி உயர்த்தினாள். அப்புறம் அதுவும் தப்போ என்று இரண்டு நாள் தூங்கவில்லை. சார் அந்தப் பட்டியலைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் ஏழாவது வரி அந்தக் கார்டு. பட்டியலிலேயே விலை கூடிய பொருள்.

மாலை 4.50.

மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். சண்முகசுந்தரம் சார் முன்னால். அவர் பின்னால் பூபாலன். பதினான்கு வருடமாக அங்கே சர்வீஸ் பார்ப்பவர். வங்கிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்ப் பழுது நீக்குவதால் வகுப்பில் அதிகம் தென்படமாட்டார். அன்று காலைகூட, எல்லாம் பொருத்தி முடிந்து மூடிய பிறகுதான் வந்து எட்டிப் பார்த்தார். கடைசியாக தேவா, கவிப்பிரியாவின் வகுப்புத் தோழன், வாயில் வறுத்த கடலையோடு.

அவள் சொல்வதைக் கேட்டு சார் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

மேஜை இழுப்பறைகள், அலமாரி, அட்டைப்பெட்டிகள், ஜன்னலுக்கு வெளியே உள்ள சன்ஷேடு என்று இருபது நிமிடம் தேடினார்கள். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. கதவுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அது கீழே ரேணுகாவின் கடையில் ஆணியில் தொங்கும். எடுப்பவர் பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும் என்பது சாரின் சட்டம்.

ரேணுகா நோட்டோடு மேலே வந்தாள்.

கவிப்பிரியா, 12.50, கொடுத்தது. தேவா, 2.10 எடுத்து 2.15 கொடுத்தது. பூபாலன், 3.00 எடுத்து 3.40 கொடுத்தது. கவிப்பிரியா, 4.30 எடுத்தது. வேறு யாரும் இல்லை.

மாலை 5.15.

சார் ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். வகுப்பில் கேள்வி கேட்கிற அதே தொனி. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தேவா டிபன் பையை மறந்து வைத்துவிட்டதால் எடுக்கப் போனதாகச் சொன்னான். ரேணுகாவும் அதை ஒத்துக்கொண்டாள். அவன் கையில் ஒரு சின்னப் பைதான் இருந்ததாம்.

"இன்னா சார், என்னியப் பாத்தா அப்டியா கீது?" என்றான் தேவா. "அந்தக் கார்டு என் முழங்கை நீளம் கீது. டிபன் பையில அத்த வெச்சா சாம்பார் சோத்த எங்க வெக்கிறது? எடுத்துகினு போனாலும் பிரயோஜனம் இல்ல. எங்க ஊட்டு கம்ப்யூட்டர்ல அது நொழையவே நொழையாது."

யாரும் சிரிக்கவில்லை.

பூபாலன் சாவகாசமாகப் பதில் சொன்னார். சார்தான் மதியம் அப்டேட் போடச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு வந்து கேபிளை மாட்டப் போனபோதே கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கனமான கார்டை வண்டியில் கொண்டுபோகும்போது ஸ்லாட் உடையாமல் இருக்கக் கழற்றி வைப்பது வழக்கம்தானே, கவிப்பிரியாதான் கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாராம். கார்டு இல்லாததால் கேபிளை நேராக மதர்போர்டில் மாட்டி, அப்டேட்டைப் போட்டு முடித்து, அணைத்துவிட்டு இறங்கியதாகச் சொன்னார்.

வெறுங்கையோடுதான் இறங்கினார் என்று ரேணுகாவும் சொன்னாள்.

கவிப்பிரியா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மணிக்கே கார்டு இல்லை. தேவாவின் பையில் கொள்ளாது. மிச்சம் இருப்பது ஓர் ஆள்தான். எல்லாரும் இறங்கிய பின் ஐந்து நிமிடம் தனியாக அறையில் இருந்தவள். பெரிய தோள்பையோடு, ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனவள். திரும்பி வந்து, தனியாகக் கதவைத் திறந்து, தானே கண்டுபிடித்தவள்.

ரேணுகா அவள் பையைப் பார்த்தாள். உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"நான் எடுக்கல சார்" என்றாள் கவிப்பிரியா. அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

சார் செல்போனை எடுத்தார். காவல் நிலையத்தில் அவருக்குத் தெரிந்த ஏட்டு ஒருவர் இருந்தார். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னாராம். அதற்குள் எடுத்தவர் கொண்டுவந்து வைத்துவிட்டால் விஷயம் இந்த அறையோடு போகும் என்றார். கோபத்திலோ அவசரத்திலோ வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவிலும் தட்டினார். கவிப்பிரியாவின் செல்போன் பைக்குள் அதிர்ந்தது. 'கார்டு காணவில்லை. சாவி கவிப்பிரியாவிடம் இருந்தது. போலீஸ் வருகிறது.'

படித்துவிட்டுச் செல்போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அப்பா பார்த்தசாரதி வேலை பார்க்கும் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்திருந்தது. அவளைப் பற்றிய போலீஸ் விசாரணை அறிக்கை வந்துவிட்டால் அடுத்த மாதம் சேரலாம். அந்த அறிக்கையை எழுதப்போகும் போலீஸிலிருந்துதான் இப்போது ஆள் வருகிறார். அவள் பெயர் ஒரு திருட்டுப் புகாரில் ஏறினால், அந்தப் பயிற்சியை மறந்துவிட வேண்டியதுதான். அப்பா தினமும் தலை நிமிர்ந்து உள்ளே போகும் அந்த வாசலை அப்புறம் அவர் எப்படித் தாண்டுவார்?

மாலை 5.30.

அரை மணி நேரம் இருந்தது. ஜன்னலோரம் போய் நின்று டைரியில் எழுதினாள். ஒவ்வொருவரும் சொன்னதை ஒவ்வொரு வரியாக, அவரவர் வார்த்தையிலேயே எழுதினாள். யார் பொய் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. யார்மேலாவது தப்பாகப் பழி போட்டுவிட்டால்? தான் இப்போது அனுபவிப்பதை இன்னொருவர் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

பின்னால் பூபாலன் சாரிடம் ஏதோ அனுமதி கேட்டார். சனிக்கிழமைதோறும் மூலையில் அடுக்கியிருக்கும் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. கடைக்காரன் ஆறரைக்கு மூடிவிடுவான், போய்விட்டு வந்துவிடட்டுமா என்றார். ஏட்டு வந்துவிட்டுப் போகட்டும் என்று சார் சொல்லிவிட்டார்.

கவிப்பிரியா எழுதியதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது பூபாலன் சொன்ன வரியில் நின்றாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். விடை கிடைத்துவிட்டது. சந்தோஷம் இல்லை. முன்னைவிடப் பெரிய பயம்.

மாலை 5.42.

"பூபாலன் அண்ணா" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க வந்தப்போ கார்டு இல்ல. நிச்சயமா?"

"அதான் சொன்னேனேம்மா."

"அப்புறம் மதர்போர்டுல கேபிளை மாட்டினீங்க. படம் வந்துச்சா?"

"படம் வராம எப்டி அப்டேட் போடுவாங்க? பளிச்சுனு வந்துச்சு."

"வேற எந்தக் கார்டையும் மாட்டலையே?"

"எதுக்கு மாட்டணும்?" பூபாலன் சாரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, இந்தப் பொண்ணு என்னிய விசாரிக்குது?"

"அதே மாதிரி இப்போ ஒரு தடவை போட்டுக் காட்டுறீங்களா அண்ணா?" என்றாள். டைரியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

பூபாலன் அலட்சியமாகப் போய்க் கேபிளை மதர்போர்டில் செருகி, பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன. விளக்குகள் எரிந்தன. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் அங்கும் இங்கும் மிதந்தது.

கேபிளைக் கழற்றி மாட்டினார். ராமை எடுத்து ஊதி, மறுபடி அழுத்தினார். கறுப்பு. லூஸ் கான்டாக்டாக இருக்கும் என்றார். அவர் நெற்றி மினுமினுத்தது.

"லூஸ் கான்டாக்ட் இல்ல அண்ணா" என்றாள். "லிஸ்ட்ல முதல் வரி. பிராசஸர். தனியா படம் காட்ட முடியாத வகை. நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். கார்டு இல்லாம இந்த கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளிகூடத் தெரியாது."

சண்முகசுந்தரம் சார் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். அந்தப் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பதற்றத்தில் அந்த ஒரு வரி அவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

"வங்கியிலயும் ஸ்கூல்லயும் இருக்குற கம்ப்யூட்டர்ல எல்லாம் மதர்போர்டுலேருந்தே படம் வரும்" என்றாள் கவிப்பிரியா. "அதனாலதான் இதுலயும் வரும்னு நினைச்சிட்டீங்க. படம் வந்திருந்தா கார்டு இருந்திருக்கணும். கார்டு இல்லைன்னா படம் வந்திருக்காது. நீங்க ரெண்டையும் சொல்றீங்க."

அவள் அலமாரியிலிருந்து பயிற்சிக்கு வைத்திருக்கும் ஒரு குட்டிக் கார்டை எடுத்துக் காலி இடத்தில் பொருத்தினாள். இரண்டாம் முறைதான் அது உட்கார்ந்தது. படம் வந்தது. கம்ப்யூட்டர் எப்போது ஓடத் தொடங்கியது, எப்போது அணைந்தது என்று தானே குறித்துவைக்கும் பதிவைத் திறந்து காட்டினாள். கடைசியாக அணைந்தது மதியம் 12.32. அதற்கடுத்து ஓடத் தொடங்கியது மாலை 5.54. நடுவே எதுவும் இல்லை.

"மூணுலேருந்து மூணு நாப்பது வரைக்கும் இதை யாரும் ஆன் பண்ணவே இல்ல சார். அப்டேட்டும் போடல."

"அப்போ நாப்பது நிமிசம் இன்னாதான் பண்ணிகினு இருந்தே அண்ணாத்தே?" என்றான் தேவா. கடலை மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

தான் வெறுங்கையோடு இறங்கியதை ரேணுகாவே பார்த்ததாகப் பூபாலன் சொன்னார். கார்டை விழுங்கவா முடியும் என்று கேட்டார்.

அதற்குத்தான் கவிப்பிரியா பயந்திருந்தாள். அவர் கொண்டுபோகவில்லை என்றால் அது இங்கேதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்? மூலையைப் பார்த்தாள். செத்த கம்ப்யூட்டர்கள் ஆறு. அவற்றை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. எல்லாம் தூசி மூடிக் கிடந்தன. ஐந்து ஒல்லியான அலுவலகப் பெட்டிகள். அவற்றுக்குள் முப்பத்தோரு சென்டிமீட்டர் எப்படித் திருப்பினாலும் போகாது. தேவாவின் வீட்டுக் கம்ப்யூட்டர் கதைதான். ஆறாவது ஒரு பழைய சர்வர், இடுப்பு உயரம். நைலான் கயிறு கட்டி, இரும்புக் கடைக்குப் போகத் தயாராக இருந்தது அதுதான். அதன் பின்பக்கத் திருகுகளைச் சுற்றி மட்டும் தூசி இல்லை.

"அதைத் திறங்க சார்" என்றாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தேவா கயிற்றை அவிழ்த்தான். சார் திருகினார். ஐந்து திருகு. தகடு விலகியது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் இருந்தது.

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கவிப்பிரியாவின் பக்கத்தில் வந்து நின்று, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூபாலன் தரையைப் பார்த்தபடி பேசினார். "பதினாலு வருசமா நான் பொட்டி சேக்கறேன் சார். நேத்து வந்த பொண்ணோட லிஸ்ட்ட சுவத்துல ஒட்டி வெக்கிறீங்க. வாங்கிக்க ஒரு ஆளும் கேட்டான். பழி இந்தப் பொண்ணு மேல போவட்டும்னு தோணிச்சு."

"அந்த லிஸ்ட்டை நீங்க படிக்கவே இல்லையா?" என்று சார் கேட்டார்.

"நான் ஏன் சார் அத்தப் படிக்கணும்?"

மாலை 6.05.

ஏட்டு லட்சுமணன் படியேறி வரும் சத்தம் கேட்டது. சண்முகசுந்தரம் சார் அவரை வாசலிலேயே மறித்தார். பொருள் கிடைத்துவிட்டது, ஏதோ கைமறதி, வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வகுப்பின் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை அந்தக் குரலில் தெரிந்தது. ஏட்டுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. "கெடச்சா சரி, நான் கெளம்பறேன்" என்று திரும்பினார்.

கவிப்பிரியா நிம்மதியாக மூச்சுவிட்டிருக்க வேண்டும். அவள் பெயர் எந்தப் புகாரிலும் ஏறவில்லை. செல்போனை எடுத்தாள். சாரின் செய்தியை நாற்பத்திரண்டு பேர் படித்திருந்தார்கள். அதில் மூன்று பேர் அவள் குவார்ட்டர்ஸ்காரர்கள். ஏட்டு இப்படியே இறங்கிப் போய்விட்டால், இந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுத்தில் நிற்கப்போவது அந்த மூன்று வாக்கியம் மட்டும்தான். நாளைக்கு விசாரணைக்கு வருபவர் பக்கத்து வீட்டில் கேட்டால், பக்கத்து வீடு அதைத்தான் சொல்லும்.

அவள் தயங்குவதைப் பார்த்து தேவா கிசுகிசுத்தான். "வுடு கவி. நான் வேணா பேசறேன். ஸ்டேஷன் சமாச்சாரம் உனக்கு எதுக்கு?"

"சார், நில்லுங்க" என்றாள்.

ஏட்டு இரண்டு படி இறங்கியிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"கைமறதி இல்ல. எடுத்திருக்காங்க. நான் சாட்சி. எழுதிக்கங்க."

சண்முகசுந்தரம் சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஏட்டு பெருமூச்சோடு மறுபடி மேலேறி, நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேட்டை விரித்தார். பெயர் கேட்டார். சொன்னாள். அப்பா பெயர் கேட்டார். சொன்னாள். விலாசம் கேட்டபோது குவார்ட்டர்ஸ் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னாள்.

பத்து நிமிடம் எழுதினார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"படிச்சுக் காட்டுங்க சார்" என்றாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மேற்படி பூபாலன் என்பவர் மாலை மூன்று மணியளவில் மேற்படி அறையின் சாவியைப் பெற்று, மேற்படி கார்டை எடுத்து மறைத்ததை, சாட்சி கவிப்பிரியா கண்டுபிடித்துத் தெரிவித்ததாவது...

"மூணு மணியளவில் இல்ல சார்" என்றாள் அவள். "மூணுலேருந்து மூணு நாப்பது வரைக்கும்."

ஏட்டு ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்து, மேலே திருத்தி எழுதினார்.